பத்தியம் மறைத்த நோய்

வைத்தியத்திற்கென்று ஒரு வரிசை உண்டு. நோய் இன்னதென்று தெளிவது முதலாவது. அதற்குரிய மருந்தை நாடுவது இரண்டாவது. மருந்துக்குத் துணையாகப் பத்தியம் காப்பது மூன்றாவது. ஊர்ப் பரிகாரியார் முதல் பெருநகரத்து வைத்திய நிபுணர் ஈறாக எவரும் இவ்வரிசையை மாற்ற விரும்புவதில்லை. மாற்றுபவர் நோயாளியே. வயிற்றுக்கு ஒவ்வாததெனத் தாம் ஐயுற்ற உணவைத் தாமாகவே நிறுத்துகிறார், சுகமும் காண்கிறார். அதன் பின்னரே, "எனக்கு இருந்த நோய் யாது?" என்று கேட்க வைத்தியரிடம் செல்கிறார்.

பெரும்பாலான நோய்களில் இந்த வரிசைப் பிசகினால் பெரிய கேடு விளைவதில்லை. ஆயின், கோதுமையால் வருகின்ற சீலியாக் நோயின் கதை வேறு. அந்நோய்க்குப் பத்தியமே மருந்து. அந்த மருந்தோ நோயைத் தணிப்பதோடு நின்றுவிடுவதில்லை. நோய் இருந்தது என்பதற்குரிய தடயங்களையும் மெல்ல மெல்லத் துடைத்துவிடுகிறது.

இங்கிலாந்தின் சிறு நகரமொன்றிலே வாழும் பாடசாலை ஆசிரியை ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்வோம். அவர் கற்பனைப் பாத்திரமே. ஆயினும் அவருடைய நிலையில் இருப்போர் மிகப் பலர். வயது நாற்பது. ஆண்டுக்கணக்காக வயிற்றுப் பொருமல். உறங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. இரும்புச்சத்து வில்லைகளை விழுங்கியும் மாறாத இரத்தசோகை. ஒருநாள், தோழி ஒருத்தியின் சொற்கேட்டு, பாண், விசுக்கோத்து, கேக் முதலிய கோதுமைப் பண்டங்கள் யாவற்றையும் விட்டொழித்தார். ஒரு மாதத்துள் வயிறு அடங்கிற்று, முகம் தெளிந்தது. ஓராண்டு அவ்வாறே கழிந்தது.

அவருக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். வகுப்பிலே எல்லோரிலும் குள்ளமானவள்; உணவில் நாட்டமற்றவள். தம் நோயே மகளுக்கும் வந்துவிட்டதோ என்ற அச்சம் தாயைப் பற்றிக்கொண்டது. அந்த அச்சமே அவரை வைத்தியரிடம் கொண்டு சென்றது. குருதியைச் சோதித்தார்கள். குற்றம் எதுவும் காணப்படவில்லை. தாய் மகிழ்ந்தார், வைத்தியர் மகிழவில்லை. "இந்த முடிவைக்கொண்டு உங்களுக்கு நோய் உண்டென்றும் சொல்ல இயலாது, இல்லையென்றும் சொல்ல இயலாது. உண்மை தெரிய வேண்டுமானால், குறைந்தது ஆறு வாரம் நீங்கள் மறுபடியும் பாண் சாப்பிட வேண்டும்" என்றார் அவர்.

சுகமாக இருக்கும் ஒருவரைப் பார்த்து, மீண்டும் நோயை வரவழைத்துக்கொள் என்று வைத்தியரே கூறுவது கொடுமையாகத் தோன்றலாம். அக்கூற்றுக்கு நியாயம் உண்டா? உண்டெனில் அது எத்தகையது?

பாணில் உள்ள பசை

பாண் என்னும் சொல் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்றது. அந்தப் பாணை மெத்தென்று பொங்கச் செய்வது கோதுமையிலுள்ள ஒரு பசை. கோதுமை மாவைக் குழைத்து உருட்டித் தண்ணீரிலே பிசைந்து கழுவினால், மாப்பொருள் வெண்மையாகக் கரைந்து போகும். கையில் எஞ்சுவது இறப்பர் போல் இழுபடும் ஓர் உருண்டை. இத்தாலி நாட்டின் பொலோஞா நகரத்து அறிஞர் ஜாகோப்போ பெக்காரி இதனை 1728 ஆம் ஆண்டு பிரித்தெடுத்து விளக்கினார். குளூட்டன் என்று இன்று வழங்கப்படும் புரதம் இதுவே. வாற்கோதுமையிலும் றை என்னும் குளிர்நாட்டுத் தானியத்திலும் இதன் உறவுப் புரதங்கள் உள்ளன. அரிசி, சோளம், குரக்கன், தினை ஆகியவற்றில் இத்தீங்கு செய்யும் புரதம் இல்லை.

நம் சிறுகுடலின் உட்சுவர் வழுவழுப்பான குழாய் அன்று. பட்டுத்துணியின் மயிர்போல எண்ணற்ற சடைமுளைகள் அங்கே நெருங்கி நிற்கின்றன. உண்ட உணவின் சத்து யாவும் அவற்றின் வழியாகவே உடலிற் சேர்கிறது. சீலியாக் நோயுள்ளவர் கோதுமையை உண்ணும்போது, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழிதவறித் தன் குடலைத் தாக்குகிறது. சடைமுளைகள் குறுகி, ஈற்றில் மழுங்கிப் போகின்றன. எவ்வளவு உண்டாலும் சத்துச் சேர்வதில்லை. குழந்தையானால் வயிறு வீங்கிக் கைகால் மெலிந்து வளர்ச்சி குன்றும். வளர்ந்தோரிடம் இரத்தசோகையாகவும், எலும்பின் தேய்வாகவும், ஆறாத வாய்ப்புண்ணாகவும், தோலிற் கடும் அரிப்பாகவும் வேடம் மாறி வரும். வெளிப்படையான குறி ஒன்றுமே இன்றி இருப்போரும் உளர்.

இந்நோய் வருவதற்குப் பரம்பரையலகின் துணை வேண்டும். டி.கியூ.2, டி.கியூ.8 என்று குறிக்கப்படும் இருவகை அலகுகளுள் ஒன்றேனும் இல்லாதவருக்கு இந்நோய் ஏறக்குறைய வருவதே இல்லை. ஆனால் அவற்றை உடையவர் எல்லோரும் நோயாளர் அல்லர். ஐரோப்பிய மக்களுள் நூற்றுக்கு முப்பது, நாற்பது பேர் இவ்வலகுகளை உடையவர்கள். நோய் கொள்பவரோ நூற்றுக்கு ஒருவர் அளவினரே.

அயல்நாடாகிய இந்தியாவில் 23,331 பேரை ஆராய்ந்து 2016 இல் வெளியிடப்பட்ட முடிவு இதனை விளக்கப் போதுமானது. இந்நோய்க்குரிய குருதிக் குறிகள் வடபகுதியில் நூற்றுக்கு 1.23 பேரிடம் காணப்பட்டன; தென்பகுதியிலோ 0.10 பேரிடம் மட்டுமே. பரம்பரையலகுகள் இரு பகுதியிலும் ஏறத்தாழ ஒத்தே இருந்தன. வேறுபட்டது உணவு. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை உண்டார். தெற்கே 25 கிராம். வித்து எங்கும் உண்டு. அது முளைப்பதற்குக் கோதுமை என்னும் நீர் வேண்டியிருக்கிறது.

பட்டினி மாரியின் பாடம்

இந்நோயின் குறிகளைப் பண்டைக் கிரேக்க வைத்தியர் அரெற்றேயஸ் எழுதி வைத்தார். 1888 ஆம் ஆண்டு இலண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ அதனைத் தெளிவாக வரையறுத்தார். இந்நோய் தீருமாயின் அது உணவினாலேயே தீர வேண்டும் என்பது அவர் முடிவு. ஒல்லாந்திலிருந்து வந்த மட்டிச் சிப்பிகளைத் தின்று தேறிய குழந்தை ஒன்று, அதற்குரிய பருவம் கழிந்ததும் மீண்டும் நலிவுற்றதை அவர் கண்டிருந்தார். உணவே வழி என்று சரியாகக் கண்ட அப்பெருமகனார், எந்த உணவு என்பதிலே சறுக்கிவிட்டார். சோற்றை விலக்கினார்; மெல்லியதாக வெட்டி இருபுறமும் வாட்டிய பாணை அனுமதித்தார்! அரிசி உண்ணும் நமக்கு இது நகைப்பைத் தரும். ஆனால் அறிவு தட்டுத் தடுமாறியே நடை பழகுகிறது.

1924 இல் நியூயோர்க் நகரத்து சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவை வகுத்தார். பாணும் ஏனைய தானியங்களும் அதில் விலக்கப்பட்டிருந்தமையால் குழந்தைகள் தேறினார்கள். தேற்றியது வாழைப்பழம் என்று உலகம் எண்ணியது. நோய் ஒழிந்தது என்று நம்பிய பலர் பின்னாளிற் பாணுக்குத் திரும்பினர்.

உண்மையைக் கண்டவர் ஒல்லாந்தின் ஹேக் நகரத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் கரெல் டிக்கே. அவர் வாழ்ந்த காலம் 1905 முதல் 1962 வரை. பாணை நிறுத்தினால் தன் பிள்ளைக்குச் சுகம் வருகிறது என்று ஒரு தாய் கூறியதே அவர் கருத்தைத் தூண்டிற்று என்பர். 1930களிலேயே அவர் கோதுமையில்லா உணவைச் சில குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அதன்பின் வந்தது யுத்தம். 1944 ஆம் ஆண்டின் இறுதியில் நாசிப் படைகளின் பிடியில் இருந்த மேற்கு ஒல்லாந்துக்கு உணவு செல்லும் வழிகள் அடைபட்டன. அந்த மாரியை அந்நாட்டு மக்கள் பட்டினி மாரி என்றே இன்றும் அழைக்கின்றனர். ரூலிப் பூஞ்செடியின் கிழங்கை அவித்துத் தின்று உயிர் காத்தனர். ஆயிரக் கணக்கானோர் மடிந்தனர். அத்தனை துயரின் நடுவே, பாணே கிடைக்காத அந்நாட்களில், சீலியாக் நோயுற்ற குழந்தைகள் நலிவதற்குப் பதிலாகத் தேறினார்கள். பஞ்சம் நீங்கிப் பாண் திரும்பியபோது அவர்களுடைய நோயும் திரும்பிற்று.

டிக்கே இதனோடு அமைதி கொள்ளவில்லை. குழந்தைகளுக்குக் கோதுமையை நிறுத்திப் பார்த்தார், பின்னர் கொடுத்துப் பார்த்தார், மறுபடி நிறுத்தினார். நிறையையும் வளர்ச்சியையும் குறித்து வைத்தார். 1950 இல் உற்றெக்ற் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வேடு இவ்வாறு எழுந்ததே. வான் டி காமர், வைஜர்ஸ் என்னும் இருவருடன் சேர்ந்து, மலத்தில் வீணாகும் கொழுப்பை அளந்து, தீங்கு செய்வது கோதுமையின் மாப்பொருள் அன்று, குளூட்டனே என்றும் நிறுவினார்.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று. கோதுமையை நிறுத்தியபோது வந்த சுகம் ஐயத்தை மட்டுமே எழுப்பிற்று. அதைத் திரும்பக் கொடுத்தபோது வந்த நோயே ஐயத்தைத் தீர்த்தது. ஆசிரியைக்கு வைத்தியர் கூறிய கடுஞ்சொல் புதியதன்று. இந்நோயின் அறிவு பிறந்த நாளிலேயே அதனோடு உடன்பிறந்தது.

மூன்று துணுக்குகள்

குடலின் உள்ளே நடப்பதைக் கண்ணாற் காணும் வழி 1950களின் நடுவிலே பிறந்தது. 1956 இல் மார்கொற் ஷைனர் என்னும் வைத்திய அம்மையார் வாய் வழியாகக் குழாயொன்றை இறக்கிச் சிறுகுடலின் சிறு துணுக்கை வெட்டி எடுக்கும் முறையை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அமெரிக்கப் படை வைத்தியர் வில்லியம் குறொஸ்பி, விழுங்கத்தக்க சிறு கூடு ஒன்றை அமைத்தார். எடுத்த துணுக்கை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் மழுங்கிய சடைமுளைகள் தெளிவாகப் புலப்பட்டன.

1969 இல் ஐரோப்பியக் குழந்தை வைத்திய நிபுணர்கள் சுவிற்சலாந்தின் இன்ரலாக்கன் நகரிற் கூடி ஒரு விதி வகுத்தனர். நோய் உண்டென்று உறுதியாகக் கூறுவதற்கு மூன்று துணுக்குகள் வேண்டும் என்பது அவ்விதி. கோதுமை உண்ணும்போது ஒன்று; நிறுத்திக் குடல் தேறிய பின் ஒன்று; மீண்டும் கோதுமை கொடுத்து, கேடு திரும்பியதைக் காண மற்றொன்று. தேறிய பிள்ளைக்கு நோய் தரும் உணவை மறுபடி ஊட்ட நேர்ந்த பெற்றோரின் மனம் எப்படி இருந்திருக்கும்! உண்மைக்கு அக்காலம் கேட்ட விலை அது.

அந்த விலை படிப்படியாகக் குறைந்து வந்திருப்பது வைத்தியத்தின் பெருமை. 1990 இல் அவ்விதி திருத்தப்பட்டு, பெரும்பாலோர்க்கு ஒரு துணுக்கே போதும் என்றாயிற்று. 1997 இல் பேர்லினில் ஷுப்பான் என்பவரின் ஆய்வுக் குழுவினர், இந்நோயில் உடல் தவறாகத் தாக்குவது இழையங்களில் இயல்பாக உள்ள திரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதியத்தையே என்று கண்டனர். அதன்பின், அந்நொதியத்துக்கு எதிராகக் குருதியில் தோன்றும் பிறபொருளெதிரிகளை அளப்பதே முதற் சோதனையாயிற்று. 2012 முதல், அவ்வளவு எல்லையைப் பத்து மடங்கு தாண்டிய பிள்ளைகளுக்கு வேறொரு குருதிச் சோதனையாலும் நோய் உறுதிப்படுமாயின் துணுக்கெடுக்கவே வேண்டாம் என்ற வழியும் திறக்கப்பட்டது.

அழியும் தடயங்கள்

இவ்வளவு முன்னேறிய பின்னும் நம் ஆசிரியைக்கு ஏன் விடை கிடைக்கவில்லை? சோதனைகள் அனைத்தும் நோயின் விதையைத் தேடுவன அல்ல. கோதுமை உள்ளே வந்தபோது உடல் செய்த போரின் தடயங்களைத் தேடுவன. பகைவன் வராத நாட்டிற் படை கலைந்துவிடும். குளூட்டனை நிறுத்திய சில வாரங்களிலேயே பிறபொருளெதிரிகள் குறையத் தொடங்குகின்றன. ஆறு மாதம் முதல் இரண்டாண்டுக்குள் பலருக்கும் அவை இயல்பான அளவிற்கு இறங்கிவிடும். சடைமுளைகளும் தளிர்க்கின்றன; வளர்ந்தோரிடம் இது சற்றுத் தாமதமாகலாம். ஆகவே பத்தியம் காத்தவரின் குருதியில் ஒன்றும் இல்லையென்று வருமாயின், அவர் நோயற்றவர் என்றும் பொருள் கொள்ளலாம். பத்தியத்தைச் செவ்வனே காத்த நோயாளி என்றும் பொருள் கொள்ளலாம்.

வேறொரு பொறியும் உண்டு. வழக்கமான குருதிச் சோதனை ஐ.ஜி.ஏ. என்னும் வகைப் பிறபொருளெதிரியையே அளக்கிறது. சிலர் உடலில் இவ்வகையே பிறவியிலிருந்து உண்டாவதில்லை. சீலியாக் நோயாளரிடம் இக்குறை மற்றவர்களிலும் மிகுதி. நூற்றுக்கு இரண்டு, மூன்று பேரிடம் காணப்படும். அவர்கள் நாள்தோறும் பாண் உண்டாலும் அச்சோதனை ஒன்றும் இல்லையென்றே கூறும். எனவே ஐ.ஜி.ஏ. யின் மொத்த அளவையும் உடன் பார்ப்பது நல்ல வைத்தியரின் வழக்கம்.

மூன்று வழிகள்

ஏற்கெனவே கோதுமையை விட்டவர் முன் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, பரம்பரையலகுச் சோதனை. உணவால் மாறாத ஒரே சாட்சி இது. பத்து ஆண்டு பத்தியம் இருந்தவரிடமும் இது பொய்க்காது. டி.கியூ.2, டி.கியூ.8 இரண்டும் இல்லையெனில் சீலியாக் நோய் இல்லையென்று ஏறக்குறைய உறுதியாகக் கூறிவிடலாம்; பாணைத் தொடாமலே வழக்கு முடிந்தது. ஆனால் அலகு இருக்கிறதெனில், நோய் வரக்கூடியவர் என்பது மட்டுமே தெரியும். வந்ததா என்பது தெரியாது.

இரண்டாவது, வைத்தியரின் மேற்பார்வையில் மீண்டும் குளூட்டன் உண்டு பார்த்தல். இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டி, நாள்தோறும் ஒரு வேளைக்கு மேற்பட்ட உணவிலே குளூட்டன் சேர்த்துக் குறைந்தது ஆறு வாரம் உண்ட பின்னரே சோதிக்கச் சொல்கிறது. இதற்குக் குறுகிய முறையொன்றும் உண்டு. அமெரிக்காவில் 20 நோயாளர் தாமாக முன்வந்து இரண்டு வாரம் குளூட்டன் உண்ட ஆய்வின் முடிவு 2013 இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு 3 கிராம், அதாவது ஏறக்குறைய ஒன்றரைத் துண்டுப் பாண் உண்டவர்களிலும், பெரும்பாலோரின் குடலில் இரண்டு வாரத்திலேயே கேடு புலப்பட்டது. குருதியின் குறிகளோ பின்தங்கி, நான்காம் வாரத்திலேயே நன்கு உயர்ந்தன. இதனால், இரண்டு வாரம் உண்டு பார்த்து, தாங்க முடிந்தவர் எட்டு வாரம் வரை நீட்டலாம் என்ற முறையும் வழக்கில் உள்ளது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும், பருவமெய்தி விரைந்து வளரும் பிள்ளைக்கும் இவ்வழி ஏற்றதன்று என்பது குழந்தை வைத்தியர்களின் அறிவுரை.

மூன்றாவது, சோதனையை விடுத்து, நோய் உண்டெனவே கொண்டு வாழ்நாள் முழுவதும் கடும் பத்தியம் காத்தல். கோதுமை பட்ட மாத்திரத்தில் வாந்தியும் மயக்கமும் கண்டு படுக்கையில் விழுவோருக்கு இதுவே தக்கதாகலாம். இவ்வழியைத் தேர்ந்தவரைக் கோழை என்பது தகாது.

இவற்றுக்கு அப்பால் நான்காவது வழியொன்றும் திறக்கத் தொடங்கியிருக்கிறது. நோயாளி பாணை உண்ணாமல், அவருடைய குருதியில் சிறிதை எடுத்துக் குழாயில் இட்டு, அக்குருதிக்கே குளூட்டனை ஊட்டி அது கிளர்ந்தெழுகிறதா என்று பார்க்கும் முறையை மெல்பேர்ண் நகரத்து ஆய்வாளர் 2025 இல் வெளியிட்டனர். பத்தியத்தில் இருப்போரிடமும் அது பயன்பட்டமை நம்பிக்கை தருகிறது. அது எங்கும் வழக்கத்துக்கு வருமுன் இன்னும் பலரிடத்தே சரிபார்க்கப்பட வேண்டும். வருமாயின், இன்ரலாக்கனில் கேட்கப்பட்ட விலை முற்றாகத் தள்ளுபடியாகும்.

அறிந்து ஆவதென்ன?

"சுகமாகத்தானே இருக்கிறேன், பெயரை அறிந்து எனக்கு ஆவதென்ன?" என்று ஆசிரியை கேட்டார். நேர்மையான கேள்வி. அதற்கு விடை மூன்று.

பெயரைப் பொறுத்தே பத்தியத்தின் கடுமை அமையும். வயிற்றுப் பொருமல் மட்டுமே உள்ளவர் விருந்திலே ஒரு துண்டு கேக் உண்டு மறுநாள் வருந்தினால் அதனோடு போகும். சீலியாக் நோயாளருக்கோ அத்துண்டு குடலின் புண்ணைப் புதுப்பிக்கும். குளூட்டன் அற்றது என்று விற்கப்படும் உணவில், கிலோகிராம் ஒன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட விதி. பாண் வெட்டிய கத்தியும், சோயாச் சுவைநீரும், கோதுமை மா கலந்து இடிக்கப்பட்ட பெருங்காயத் தூளும் கூடக் கவனிக்கப்பட வேண்டியவை. ஐயத்தின் பேரில் இத்தகைய கட்டுப்பாட்டை நாற்பது ஆண்டு காப்பவர் அரியர். மேலும், நோய் உண்டென்று தெரிந்தாலன்றோ எலும்பின் திண்மையையும், இரும்புச்சத்தையும், தைரொயிட்டுச் சுரப்பியையும் காலந்தோறும் பார்ப்பார்கள்?

இரண்டாவதாக, நோய் அதுவல்லாமலும் இருக்கலாம். ஒஸ்லோவில் நடந்து 2018 இல் வெளியான ஆய்வொன்றில், சீலியாக் நோய் இல்லாது, ஆயினும் குளூட்டன் தமக்கு ஒவ்வாதென்று விட்டிருந்த 59 பேருக்கு, உள்ளே இருப்பது இன்னதென்று அறிவிக்காமல் மூவகைப் பண்டங்கள் மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட்டன. அவர்களை மிகுதியாக வருத்தியது குளூட்டன் அன்று. கோதுமையிலும் வெங்காயத்திலும் வெள்ளைப்பூண்டிலும் உள்ள பிரக்ரான் என்னும் மாப்பொருள் வகையே. நிரபராதி ஒருவனை ஆயுள் முழுவதும் சிறை வைத்து, உண்மைக் குற்றவாளியை வீட்டினுள்ளே உலவ விடுவது போன்றது இது. இரத்தசோகைக்கு வேறொரு கொடிய காரணம் இருந்து, அது கவனியாமல் விடப்படுவதும் கூடும்.

மூன்றாவது விடை குடும்பத்தைப் பற்றியது. சீலியாக் நோயாளரின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோருள் ஏறக்குறையப் பத்துப் பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கும். தாயின் நோய் உறுதியானால் மகளுக்கும் சோதனை வேண்டும் என்பது விதியாகிவிடும்.

மகளும் தாயும்

ஆசிரியையிடம் ஒரு திட்டம் இருந்தது. வீட்டில் எவருக்குமே இனிப் பாண் இல்லை. மகளும் தம்மைப் போலவே தேறிவிடுவாள் என்பது அது. வைத்தியர் தடுத்தார். "உங்களிடம் அழிந்துபோன தடயம் உங்கள் மகளிடம் இன்னும் இருக்கலாம். அவள் பாண் உண்கிறாள் அல்லவா? உண்ணும்போதே சோதித்துவிடுவோம். நீங்கள் செய்த பிழையை அவளுக்கும் செய்துவிடாதீர்கள்" என்றார்.

சோதித்தார்கள். மகளின் குருதியிற் பிறபொருளெதிரிகள் இல்லை, ஐ.ஜி.ஏ. குறைவும் இல்லை. கோதுமை உண்டுகொண்டே கிடைத்த முடிவாதலால் இது நம்பத்தக்கது. அவளுடைய வளர்ச்சிக் குறைவுக்கு வேறு காரணம் தேடத் தொடங்கினர். ஆயினும் இந்நோய் இன்று இல்லையென்பதால் என்றும் வாராது என்பதில்லை. எந்த வயதிலும் தோன்றலாம். தாய்க்கு அது இருப்பது உண்மையாயின் மகளைப் பின்னும் கவனித்து வர வேண்டும். இல்லையெனின் அந்த அச்சத்தை அன்றே இறக்கி வைத்துவிடலாம். இப்போது மகளின் கேள்விக்கு விடை தாயின் குடலில் இருந்தது.

தாயின் பரம்பரையலகைப் பார்த்தார்கள். டி.கியூ.2 இருந்தது. வழக்கு முடியவில்லை.

அன்றிரவு அவர் நெடுநேரம் சிந்தித்தார். தமக்காகவென்றால் வேண்டாம் என்றே முடிவு செய்திருப்பார். சுகம் கண்டவர் அதனை எளிதில் விட்டுக்கொடார். மறுநாட் காலை, ஓராண்டாகத் தொடாத பாணில் இரண்டு துண்டுகளை வாட்டி எடுத்து, மகளுக்கு எதிரே அமர்ந்து உண்டார். இரண்டாம் வாரத்தில் பொருமல் திரும்பிற்று. நான்காம் வாரத்தில் வகுப்பிலே நாற்காலியில் அமர்ந்தபடி பாடம் நடத்தினார். ஆறாம் வாரத்தின் இறுதியில் குருதி கொடுக்கப் புறப்பட்டார்.

அவருடைய சோதனையின் முடிவு எதுவாயினும் அவருக்கு நட்டமில்லை. உண்டென்றால், காக்க வேண்டிய பத்தியம் எதற்கென்று தெரிந்து காப்பார். மகளையும் காலந்தோறும் கவனிப்பார். இல்லையென்றால், தம்மை வருத்தியது வேறெதுவென்று தேடுவார். ஆனால் ஆறு வார வேதனையை அவர் பட்டிருக்கவே வேண்டியதில்லை. பாணை நிறுத்துவதற்கு முந்திய நாள் ஒரு சிறு குப்பியளவு குருதி கொடுத்திருந்தால் எத்துணை எளிதாக இருந்திருக்கும்!

நம்மிடையே அரிசியே தலையாய உணவாயினும், காலையிற் பாணும் மாலையில் விசுக்கோத்தும் கோதுமை மா ரொட்டியும் நம் வீடுகளிலும் இடம்பெற்றுவிட்டன. கோதுமையை விட்டால் நல்லது என்ற பேச்சும் கூடவே பரவி வருகிறது. விடுவது அவரவர் விருப்பம். விடுமுன் சோதித்துக்கொள்வது அறிவுடைமை. ஏற்கெனவே விட்டவர், ஒன்றும் இல்லையென்ற ஒரு தாளை நம்பி ஏமாறாது, தாம் எத்தனை மாதமாகப் பத்தியத்தில் இருக்கிறார் என்பதை வைத்தியரிடம் முதலிற் கூறுவாராக. அதை அறிந்த பின்னரே, எந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று வைத்தியர் தீர்மானிக்க முடியும்.